கசில்தாவின் இடது கை

கசில்தாவுக்குத் திமிங்கிலம் என்றால் பயமே கிடையாது. அவளுடைய இடது கைக்கு மட்டும் உண்டு.

அது அவள் அப்பா அன்செல்மோ கொடுத்த கை. அவர் காலத்தில் சான் இக்னாசியோ காயலில் திமிங்கிலத்துக்குப் பேய்மீன் என்று பெயர். குளிர் மாதங்களில் வடக்கிலிருந்து அவை குட்டி போட வந்துவிட்டால், மீனவர்கள் கரையோரத்தை ஒட்டியே வலை போடுவார்கள். நடுக் காயலைக் கடந்தே ஆகவேண்டும் என்றால், படகில் ஒருவர் உட்கார்ந்து வழி நெடுகப் பக்கப் பலகையைத் தட்டிக்கொண்டே வரவேண்டும். சத்தம் கேட்டு அது விலகிப் போகும் என்பது நம்பிக்கை. அன்செல்மோவின் படகில் அந்த வேலை கசில்தாவுக்கு. வலது கையால் தண்ணீர் இறைப்பாள், இடது கையால் தட்டுவாள். பக்கத்தில் புஸ்ஸென்று மூச்சுச் சத்தம் கேட்டால், அப்பா ஒன்றும் சொல்லாமலே அடி பலமாக விழும்.

பிறகு காலம் மாறியது. ஒரு திமிங்கிலம் தானாக வந்து ஒரு படகில் முதுகைத் தேய்த்தது. பயந்து நடுங்கிய மனிதர் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். அது போகவில்லை. அந்தச் செய்தி ஊர் ஊராகப் போய், இப்போது எங்கெங்கிருந்தோ ஆட்கள் அந்தக் கரடுமுரடான உப்புவெளிச் சாலையில் இடுப்பொடிய வந்து இறங்குகிறார்கள், ஒரு தாயும் குட்டியும் படகோரம் வந்து தலையை நீட்டாதா என்று. மீனவர்கள் குளிர்காலத்தில் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கரையில் கூடாரங்கள், ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடம், அதன் பின்னால் அடுப்படி. அடுப்படியில் கசில்தாவும் அவள் தங்கை ஓதிலியாவும்.

அடுப்படிக்காரி என்று அவளை நினைத்துவிடக் கூடாது. மற்ற மாதங்களில் அவள் கடலில்தான் இருப்பாள். புருஷன் நிக்கானோர் காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு சிப்பி எடுக்க அடியில் இறங்குவான். மேலே அவள். நீரோட்டம் இழுக்கும், காற்று தள்ளும். தண்ணீரில் எழும் அவன் மூச்சுக் குமிழிகளை விட்டுப் படகு நகராமல் நிறுத்த வேண்டும். ஒரு கை எஞ்சின் பிடியில், ஒரு கை குழாயில். அப்படி நின்றே அவளுக்கு முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. படகு ஓட்டுவதில் அவளுக்கு இணை இந்தக் கரையில் இருவரோ மூவரோதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

போன பருவத்தின் கடைசி நாளில் சமையல்காரர்களையும் ஒருமுறை படகில் அழைத்துப் போனார்கள். ஆண்டுதோறும் அப்படி ஒரு வழக்கம். கசில்தா எப்போதும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கரையிலேயே தங்கிவிடுவாள். அந்த முறை ஓதிலியா விடவில்லை. போனார்கள். ஒரு குட்டி வந்தது. எல்லோரும் கையை நீட்டினார்கள். கசில்தாவின் இடது கையும் நீண்டது. நீண்டு, அவளைக் கேட்காமலே, படகின் பக்கத்தை டம் டம் டம் என்று அடித்தது. குட்டி போயிற்று. பின்னாலேயே தாயும் போயிற்று. படகில் இருந்தவர்கள் சிரிக்கச் சற்று நேரம் பிடித்தது. சிரிக்க ஆரம்பித்தபின் நிறுத்த அதைவிட நேரம் பிடித்தது.

அன்றிலிருந்து அவள் பெயர் மத்தளம்.

*

இந்த ஆண்டு தை பிறக்கும் நேரத்தில் நிக்கானோருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். உப்புக்காற்றும் வெயிலும் பல வாரங்களுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவன் கரையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். படகு மணலில் கிடந்தது. அதற்கு ஆள் வேண்டும். அந்த இடத்தை இந்தப் பருவம் இன்னொருவனுக்குக் கொடுத்தால், அடுத்த பருவமும் அவனுடையதுதான். ஒருமுறை கைமாறியது திரும்பி வந்ததாகக் கரையில் கதையில்லை.

அந்த இருக்கை தனக்கு வேண்டும் என்று கசில்தா நிக்கானோரிடம் மட்டும் சொன்னாள். இத்தனை ஆண்டும் மீன் பொரித்துக்கொண்டே, திரும்பி வரும் படகுகளின் கூச்சலைக் காதால் மட்டும் கேட்டிருக்கிறாள்.

"நீ கேளு புள்ள. வாய் இருக்கில்ல?" என்றான் அவன்.

"கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் திரும்பக் கேளு."

படகோட்டிகள் சாப்பாட்டுக் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் ஈரக்கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவர்களுக்குத் தலைவர் ஃபிதென்சியோ. நிக்கானோரின் அத்தை மகன். முப்பது வருஷமாகத் திமிங்கிலப் படகு ஓட்டுகிறவர். மீசையைத் தடவாமல் எந்த முடிவும் சொல்லமாட்டார்.

"நிக்கானோர் படகை நான் எடுக்கிறேன் அண்ணே" என்றாள்.

யாரோ மேசையை மெதுவாகத் தட்டினார்கள். டம், டம், டம். அவ்வளவுதான், கூடம் வெடித்தது.

அவள் காத்திருந்தாள். சிரிப்பு அடங்கியதும் மறுபடி சொன்னாள். "நிக்கானோர் படகை நான் எடுக்கிறேன்."

ஃபிதென்சியோ மீசையைத் தடவினார். "தங்கச்சி, நீ படகு ஓட்டுறதப் பத்தி எவனாவது வாயத் தொறந்தா அவன் பல்லப் பேத்துருவேன். போன வாடைக் காத்துல முகத்துவாரத்துக்குள்ள நீ படகைக் கொண்டாந்தத நான் கரையில நின்னு பாத்தவன். ஆனா அந்தக் கை இருக்கே..."

"கைக்கு என்ன?"

"என்னவா? ரெண்டு நாள் பிரயாணம் பண்ணி வந்தவங்க, திமிங்கிலம் மூஞ்சிய நீட்டுற நேரத்துல நீ டம்முனு ஒண்ணு போட்டன்னா, அவங்க என்ன ஒன்னோட ரொட்டியத் திங்கவா வந்தாங்க?"

"என் ரொட்டிக்கும் நெறைய பேர் வர்றாங்க."

"அது வாஸ்தவம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கடைசியில் இப்படி முடிவாயிற்று: நாளைக் காலை ஒரே ஒரு நடை. உண்மையான பயணிகளோடு. ஃபிதென்சியோ முன்னால் அணியத்தில் உட்கார்ந்து பார்ப்பார். கை பேசாமல் இருந்தால் இருக்கை அவளுக்கு. கை பேசினால், காயலின் தென்முனையிலிருந்து ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு.

*

அன்றிரவு வீட்டில் எல்லோரும் அந்தக் கையைப் பற்றியே பேசினார்கள், அது வேறு யாரோ ஒருவர் போல.

"கட்டிப் போட்டுரலாம்" என்றான் நிக்கானோர். "பெல்ட்டோட சேத்து."

"கைகட்டின மாலுமிய எவன் நம்பி ஏறுவான்?"

"அப்ப பாக்கெட்டுக்குள்ள வை."

"பாக்கெட்டுக்குள்ள இருந்தே தொடையில தட்டும். உனக்குத் தெரியாது இதோட குணம்."

ஓதிலியா மறுநாளுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மைதா, பன்றிக் கொழுப்பு, உப்பு, வெந்நீர். "அக்கா, சும்மா இருக்கிற கைதான் தட்டும். ஒன் கை என்னைக்காவது மாவு பெசையுறப்பத் தட்டியிருக்கா?"

கசில்தா யோசித்தாள்.

"ஒரு உருண்டை குடுத்து விடுறேன். புடிச்சுக்கிட்டே போ. திமிங்கிலம் வந்தா மாவப் பெசை."

நிக்கானோர் கறுப்புக் கண்ணாடிக்குள்ளேயே சிரித்தான். ஆனால் காலையில் படகைத் தள்ளும்போது, ஈரத்துணியில் சுற்றிய மாவு உருண்டையை அவள் சட்டைப் பையில் அவன்தான் வைத்தான்.

பயணிகள் ஆறு பேர். நான்கு பேர் குவாதலஹாராவிலிருந்து வந்த பள்ளிக்கூட ஆசிரியைகள். அவர்களுக்குத் தலைவி ஓர்த்தென்சியா டீச்சர், கரையிலிருந்தே பேச்சை நிறுத்தாதவள். மற்ற இருவர் ஜப்பானியக் கணவன் மனைவி. அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்து சிரித்தார்கள். ஃபிதென்சியோ அணியத்தில் பின்பக்கம் பார்த்து, ஒரு நீதிபதி போல உட்கார்ந்தார். முழங்காலில் கை வைத்தார். சரியாக இல்லை என்று கட்டிக்கொண்டார். அதுவும் சரியாக இல்லை என்று பக்கப் பலகையின் மேல் வைத்தார்.

காற்று இல்லாத காலை. கடல் வற்றம் முடிந்து நீர்ப்பெருக்கு ஏறத் தொடங்கியிருந்தது. கசில்தா அலையாத்தி மரங்களை ஒட்டியே கொண்டுபோய், மணல்திட்டைச் சுற்றி, ஆழத்தில் விட்டாள். யார் முகத்திலும் ஒரு துளி தண்ணீர் தெறிக்கவில்லை.

ஃபிதென்சியோ குறை தேடினார். கிடைக்கவில்லை என்பது அவர் மீசையில் தெரிந்தது.

"அம்மா, நீங்க எவ்வளவு நாளா இதப் பண்றீங்க?" என்று ஓர்த்தென்சியா டீச்சர் கேட்டாள்.

"படகு ஓட்டுறதா? பொறந்ததுல இருந்து."

"திமிங்கிலம் காட்டுறது?"

"அது இன்னைக்குக் காலையில இருந்து."

டீச்சர் அதை நகைச்சுவை என்று நினைத்து மற்றவர்களுக்கு மறுபடி சொல்லிச் சிரித்தாள்.

திமிங்கிலம் பார்க்க ஒதுக்கிய எல்லைக்குள் நுழையும் இடத்தில் கசில்தா வானொலிக் கருவியில் பெயர் சொல்லி அனுமதி கேட்டாள். கரையில் வானொலி பார்க்கும் பையன், "உள்ள போ மத்தளம்" என்றான். ஃபிதென்சியோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவள் வேகத்தைக் குறைத்து எஞ்சினை நியூட்ரலில் விட்டாள். எஞ்சினை அணைக்கக் கூடாது. அது முனகிக்கொண்டே இருந்தால்தான் படகு எங்கே நிற்கிறது என்று திமிங்கிலத்துக்குத் தெரியும். இனி மனிதர்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வந்தால் வரும்.

இடது கை சட்டைப் பைக்குள் போய் மாவை எடுத்துக்கொண்டது.

தூரத்தில் இரண்டு மூச்சுகள் எழுந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பிறகு ஒன்றுமில்லை. ஆசிரியைகள் பேச்சை நிறுத்தினார்கள். தண்ணீர் கண்ணாடி போல் கிடந்தது. அந்தக் கண்ணாடிக்கு அடியில் ஒரு வெளுத்த நிழல், படகைவிட நீளமான நிழல், படகின் கீழே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்ந்தது. கசில்தாவுக்குப் பயம் வந்தது. திமிங்கிலத்தால் இல்லை. கையால்.

குட்டி அவள் பக்கம்தான் எழுந்தது, கைக்கெட்டும் தூரத்தில். புஸ்ஸென்று மூச்சு விட்டது. அழுகிய பாசி வாடையோடு வெதுவெதுப்பான தூறல் அவள் கன்னத்தில் விழுந்தது. இடது தோள் துள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறுக்கினாள். மாவு விரலிடுக்கெல்லாம் பிதுங்கியது. மறுபடி உருட்டினாள். மறுபடி பிதுங்கியது. வலது கை எஞ்சின் பிடியில் அசையாமல் இருந்தது. குட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. இவள் என்ன பிசைகிறாள் என்று பார்ப்பது போலிருந்தது.

கை பேசவில்லை.

அவள் தலை நிமிர்த்தி ஃபிதென்சியோவைப் பார்த்தாள், பார்த்தீர்களா என்பது போல. அவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது அவளுடைய கையை. அதனால் தன் முதுகுக்குப் பின்னால் நடந்ததை அவர் பார்க்கவில்லை. சத்தமே இல்லாமல் தாய் நேர்குத்தாகத் தண்ணீரைவிட்டு எழுந்தது. கொட்டலசுச் சிப்பிகள் ஒட்டிய, புள்ளியும் கீறலுமான பெரிய தலை, அணியத்துக்கு மேலே, அவர் தொப்பிக்கு மேலே. ஜப்பானிய அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். திமிங்கிலம் அவர் பிடரியில் ஒரு மூச்சு விட்டது.

டம் டம் டம் டம் டம்!

இரண்டு கையாலும். பக்கப் பலகை அதிர்ந்தது. தொப்பி தண்ணீரில் விழுந்தது.

தலை இறங்கியது. குட்டியும் இறங்கியது. நீரில் இரண்டு வழுவழுப்பான வட்டங்கள் மட்டும் மிஞ்சின. எஞ்சின் முனகிக்கொண்டிருந்தது.

ஃபிதென்சியோ தம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். யாரோ அவற்றை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனது போல.

"அடடா!" என்றாள் ஓர்த்தென்சியா டீச்சர். "இப்படித்தான் கூப்பிடுவீங்களா?"

யாரும் பதில் சொல்லும் முன்பே அவள் தன் பக்கத்தில் தட்ட ஆரம்பித்தாள். மற்ற மூன்று ஆசிரியைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஜப்பானியர் இருவரும் தலையைக் குனிந்துவிட்டு மரியாதையாகத் தட்டினார்கள். படகு முழுக்க ஒரே மேளம்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்றாள் கசில்தா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போதும், அதுக்குக் கேட்டுருச்சு. சும்மா இருங்க. தண்ணிய மட்டும் லேசா அளைஞ்சு விடுங்க."

சும்மா இருந்தார்கள். தண்ணீரை அளைந்தார்கள். பக்கத்துப் படகிலிருந்து ஒருவன் எழுந்து நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் முடியப் போகிற வேளையில் குட்டி மறுபடி வந்தது. மேளத்தைக் கேட்டு வந்ததோ, எஞ்சின் குமிழியைத் தேடி வந்ததோ. படகை உரசிக்கொண்டே ஒரு சுற்று வந்தது. ஆசிரியைகள் அழுதார்கள், கத்தினார்கள், அதன் மூக்கைத் தடவினார்கள். ஓர்த்தென்சியா டீச்சர் பேச்சு மறந்து போனாள். கடைசியில் அது பின்பக்கம் வந்து, எஞ்சினுக்கு அருகில், தலையைத் தூக்கி நிறுத்திக்கொண்டது.

கசில்தா மாவைப் பைக்குள் போட்டாள். வலது கையை எஞ்சின் பிடியிலிருந்து எடுக்காமல் இடது கையை நீட்டினாள். கை போயிற்று. அதன் மேல் தங்கி நின்றது. தோல் அவித்து உரித்த முட்டை போல இருந்தது. அவ்வளவு மெது, அவ்வளவு வழுவழுப்பு. விரலில் ஒட்டியிருந்த மாவு கொஞ்சம் அதன் தாடையில் ஒட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போனது.

*

திரும்பும் வழியில் ஃபிதென்சியோ இடம் மாறிப் பின்னால் வந்து அவள் அருகில் உட்கார்ந்தார். தண்ணீரிலிருந்து எடுத்த தொப்பி மடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி."

"சொல்லுங்கண்ணே."

"முப்பது வருஷமா ஒரு தடவகூட இப்படி ஆனதில்ல."

"முப்பது வருஷமா உங்க கை எங்க இருந்துச்சு?"

அவர் எஞ்சின் பிடியைப் பார்த்தார். அதன் மேலிருந்த அவளுடைய வலது கையைப் பார்த்தார். வெகுநேரம் மீசையைத் தடவினார்.

"எங்கப்பன் உங்கப்பனவிட மோசம்" என்றார் கடைசியில். "நான் பலகையத் தட்ட மறந்தா அவன் என் முதுகத் தட்டுவான்."

"இனிமே அணியத்துல ஒக்காராதீங்கண்ணே. உங்களுக்கு ஒத்துக்காது."

"கரையில சொல்லிராத."

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. மதியச் சாப்பாட்டில் ஓர்த்தென்சியா டீச்சர் நாற்காலியில் ஏறி நிற்காத குறையாக, மீசைக்கார ஐயா திமிங்கிலத்தை எப்படிக் கூப்பிட்டார் என்று கூடம் முழுவதற்கும் நடித்துக் காட்டினாள். தட்டுகள் குதிக்க இரண்டு கையாலும் மேசையில் அடித்தாள். ஜப்பானியர் தலையை ஆட்டி ஆமோதித்தார்கள். படகோட்டிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் பீன்ஸ் மசியல் புரையேறி வெளியே ஓடினான். ஃபிதென்சியோ தட்டில் இருந்த மீனின் முள்ளை மிகுந்த கவனத்தோடு எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சிரிச்சு முடிச்சாச்சா? நாளையில இருந்து நிக்கானோர் படகைக் கசில்தா எடுப்பா. கூட ஆள் போக வேண்டியதில்ல." சற்று நிறுத்தினார். "பேச்சு முடிஞ்சிச்சு. ரொட்டி கொண்டாங்கம்மா."

ஓதிலியா அடுப்படிக்குள்ளிருந்து விசில் அடித்தாள்.

கசில்தா பையிலிருந்த மாவை எடுத்துப் பார்த்தாள். கடல்நீரும் கை வியர்வையும் பட்டுச் சாம்பல் நிறமாகியிருந்தது. எறிய மனம் வரவில்லை. தட்டையாகத் தட்டிக் கல்லில் போட்டாள். வாசலில் நிழலில் உட்கார்ந்திருந்த நிக்கானோரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் கடித்து, மென்று, கறுப்புக் கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினான்.

"உப்பு சாஸ்தி."

"அது உப்பு மட்டும் இல்லய்யா."

"கை?"

"வாயே தொறக்கல."

அவன் மிச்சத்தையும் தின்று முடித்தான்.

மறுநாள் காலையில் அவள் படகு எல்லைக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் இரண்டு படகுகள் நின்றன. இந்த முறை சட்டைப் பையில் மாவு இல்லை. இடது கை அவள் மடியில், பூனை போலப் படுத்திருந்தது. வானொலி கரகரத்தது.

"மத்தளம், மத்தளம். உள்ள போகலாம்."

கசில்தா பதில் சொல்ல வானொலியை எடுத்தாள். அதற்குள், முன்னால் நின்ற படகிலிருந்து, மீசைக்குள்ளிருந்து வரும் அந்தத் தடித்த குரல் கேட்டது.

"போறேன், போறேன். கத்தாதே."

அவள் வானொலியை மெதுவாக அதன் இடத்தில் வைத்துவிட்டு, தன் முறைக்காகக் காத்திருந்தாள்.